பூமியின் நடுக்கத்துக்கு எண் கொடுத்தவர்

- மூன்றாம் ஆண்டு, சிவில் டிப்ளமோ



உலகத்தில் எந்த மூலையில் பூமி அதிர்ந்தாலும் மறுநாள் பேப்பரில் ஒரு மனிதரின் பெயர் வந்துவிடும். ரிக்டர் என்ற பெயர்தான் அது. டீக்கடையில் பேப்பர் படிக்கிற பெரியவருக்கும் அந்தப் பெயர் தெரியும். ஆனால் அவர் யார், எந்த ஊர், என்ன படித்தார் என்று கேட்டால் நம்ம டிபார்ட்மெண்டிலேயே பாதிப்பேர் விழிப்போம். ரிக்டர் என்பது ஏதோ ஒரு மெஷின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கும் நண்பர்களும் உண்டு.

பெயர் தெரியாதது பெரிய குறை இல்லை. அவர் கொடுத்த எண்ணைத் தப்பாகப் புரிந்துகொள்வதுதான் குறை. நாளைக்குக் கட்டடம் கட்டப்போகிறவர்கள் நாம். ஆகவே அந்த மனிதரின் வாழ்க்கையையும், அந்த எண்ணுக்கு உள்ளே இருக்கும் கணக்கையும் சேர்த்தே இந்த மலரில் எழுத நினைத்தேன்.

பிறப்பும் பெயரும்

1900-ஆம் வருஷம் பிப்ரவரி 8-ஆம் தேதி, விடியுமுன்னே கோயம்புத்தூர்ப் பக்கம் பூமி அதிர்ந்தது. தென்னிந்தியா முழுக்க உணரப்பட்ட நடுக்கம் அது. அதன் பலம் எவ்வளவு என்று எண்ணால் சொல்ல அன்றைக்கு உலகத்திலேயே ஒரு வழி கிடையாது. எந்த ஊரில் சுவர் விரிந்தது, எந்த ஊரில் பாத்திரம் உருண்டது என்று எழுதி வைத்தார்கள், அம்புட்டுத்தான்.

அந்த வழியைக் கண்டுபிடிக்கப் போகிறவர் சுமார் இரண்டரை மாசம் கழித்துப் பிறந்தார். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலம், ஹாமில்டன் நகரத்துப் பக்கம் ஒரு பண்ணை வீடு. 1900 ஏப்ரல் 26-ஆம் தேதி சார்லஸ் பிரான்சிஸ் ரிக்டர் அங்கே பிறந்தார். சின்ன வயசிலேயே அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட்டார்கள். தாய்வழித் தாத்தாதான் வளர்த்தார். அப்பாவின் குடும்பப் பெயர் கின்சிங்கர். ரிக்டர் என்பது அம்மா வீட்டுப் பெயர். இன்றைக்கு உலகம் முழுக்கச் சொல்கிற பெயர் ஒரு தாயின் வீட்டுப் பெயர் என்பதை நினைத்துப் பாருங்கள்.

1909-இல் குடும்பம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. பையனுக்கு நட்சத்திரம் பார்ப்பதில் ரொம்ப ஆசை. அந்த ஆசை பின்னால் எதற்கு உதவியது என்பதைக் கொஞ்ச நேரத்தில் பார்ப்போம்.

தடுமாறிய வருஷங்கள்

ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்து 1920-இல் பட்டம் வாங்கினார். அதற்குப் பிறகு நேராக மேலே போனார் என்று நினைக்கவேண்டாம். மனநலம் கெட்டது. படிப்பை நிறுத்தி வீட்டுக்குத் திரும்பி வைத்தியம் செய்துகொண்டார். பிறகு ஒரு அருங்காட்சியகத்தில் தூது போகும் ஆளாகவும், ஹார்டுவேர் சாமான் கிடங்கில் எழுத்து வேலையிலும் இருந்தார்.

எங்கள் வீட்டில் பத்தாவதுக்கு மேலே படிக்கிற முதல் ஆள் நான். படிப்பில் ஒரு வருஷம் போனால் எல்லாமே போச்சு என்ற பயம் எங்களைப் போன்ற வீடுகளில் எப்போதும் உண்டு. அதனால் ரிக்டர் வாழ்க்கையின் இந்தப் பகுதியை நான் இரண்டு தடவை படித்தேன். கிடங்கில் சாமான் கணக்கு எழுதிய அந்த ஆள்தான், 1923 வாக்கில் பாசடீனா நகரத்தில் கால்டெக் நிறுவனத்தில் நோபல் பரிசு பெற்ற ராபர்ட் மில்லிகன் நடத்திய வகுப்புகளைக் கேட்கப் போனார். அங்கேயே ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்து 1928-இல் டாக்டர் பட்டமும் வாங்கினார். பட்டம் அணு இயற்பியலில். நிலநடுக்கத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

தற்காலிக வேலை

1927-இல், படிப்பு முடியுமுன்னே, மில்லிகன் ஒரு வேலை இருக்கிறது என்று சொன்னார். பாசடீனாவில் புதிதாக வந்திருந்த நிலநடுக்க ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை. ஹாரி வுட் என்பவர் அதை நடத்தினார். நிலநடுக்கப் பதிவுக் காகிதங்களில் அலைகளை அளந்து, எங்கே எப்போது அதிர்ந்தது என்று கணக்குப் போடவேண்டும். கொஞ்ச நாளைக்கு என்று நினைத்துத்தான் ரிக்டர் சேர்ந்தார். அந்தத் துறையை விட்டு அவர் கடைசிவரை போகவே இல்லை.

அந்த ஆய்வுக்கூடத்தில் வுட்-ஆண்டர்சன் என்ற கருவி இருந்தது. ஹாரி வுட்டும், ஜான் ஆண்டர்சன் என்ற வானியல் அறிஞரும் சேர்ந்து செய்தது. மெல்லிய கம்பியில் ஒரு சின்ன எடை. பூமி ஆடும்போது அது முறுக்கிக்கொண்டு திரும்பும். அதில் பட்டுத் திரும்பும் ஒளி போட்டோ காகிதத்தில் கோடு போடும். பூமியின் அசைவை 2800 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் என்று கணக்கு.

தெற்குக் கலிபோர்னியாவில் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய சில நிலையங்களில் இதே கருவி நின்றது. எல்லா இடத்திலும் ஒரே கருவி என்பதுதான் முக்கியம். கருவி ஒன்றாக இருந்தால்தான் ஒரு ஊர்க் கோட்டையும் இன்னொரு ஊர்க் கோட்டையும் ஒப்பிட முடியும்.

அளவு பிறந்த கதை

அதுவரை நிலநடுக்கத்தை அளக்க மெர்காலி என்ற முறை இருந்தது. அதைத் திருத்தி 1931-இல் வெளியிட்ட இருவரில் ஹாரி வுட்டும் ஒருவர். ஒரு இடத்தில் ஆட்டம் எப்படி இருந்தது, எந்தச் சுவர் விழுந்தது என்று பார்த்து எண் கொடுக்கும் முறை. இதில் ஒரே நடுக்கத்துக்கு ஊருக்கு ஒரு எண் வரும்.

நம்ம ஊர்ப்பக்கத்து உதாரணம் ஒன்று சொல்கிறேன். சிவகாசிப் பக்கம் ஒரு வெடி வெடிக்கிறது. பக்கத்துத் தெருவில் காது அடைக்கும். பக்கத்து ஊரில் டமார் என்று கேட்கும். கோவில்பட்டிக்கு வரும்போது கேட்டும் கேட்காமலும் இருக்கும். கேட்கிற சத்தம் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஆனால் வெடிக்குள் அடைத்த மருந்து ஒரே அளவுதான். மெர்காலி சொல்வது காதில் விழுந்த சத்தம். ரிக்டர் தேடியது மருந்தின் அளவை.

ஜப்பானில் கியூ வடாட்டி என்ற அறிஞர், தூரம் கூடக்கூட அலையின் உயரம் எப்படிக் குறைகிறது என்று வரைபடம் போட்டிருந்தார். ரிக்டர் அதே வழியில் கலிபோர்னியாப் பதிவுகளை வரைந்தார். ஆனால் சின்ன நடுக்கத்துக்கும் பெரிய நடுக்கத்துக்கும் வித்தியாசம் ஆயிரம், பத்தாயிரம் மடங்கு. கிராப் தாளில் அடங்கவில்லை. உடன் வேலை பார்த்த பேனோ குட்டன்பர்க் லாகரிதம் எடுத்து வரையச் சொன்னார். கோடுகள் ஏறக்குறைய ஒன்றுக்கொன்று இணையாக வந்து நின்றன. காரியம் முடிந்தது.

முதல் வருஷக் கணக்கு வகுப்பில் எதற்கு என்று தெரியாமலே லாக் படித்தோம். எதற்கு என்பதற்கு இதைவிட நல்ல பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

1935-இல் ரிக்டரின் கட்டுரை வெளிவந்தது. அதன் விதி எளிமையானது. நடுக்கம் நடந்த இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் தள்ளி வுட்-ஆண்டர்சன் கருவி இருக்கிறது. காகிதத்தில் கோடு 1 மில்லிமீட்டர் உயர்ந்தால் அளவு 3. கோடு 10 மில்லிமீட்டர் என்றால் அளவு 4. கோடு 20 மில்லிமீட்டர் என்றால் லாக் 20 = 1.3, அதோடு 3 கூட்டினால் 4.3. வேறு தூரத்தில் இருந்தால் அதற்கு ஒரு திருத்த அட்டவணை. நிலையத்துக்கு நிலையம் தரை மாறுவதால் அதற்கும் ஒரு திருத்தம்.

நட்சத்திரங்களின் ஒளியை வானியலில் மேக்னிட்யூட் என்ற வார்த்தையால் அளப்பார்கள். பிள்ளை வயசில் நட்சத்திரம் பார்த்த ரிக்டருக்கு அது தெரிந்த வார்த்தை. வுட் அந்தச் சொல்லையே இதற்கும் வைக்கச் சொன்னார், நிலைத்துவிட்டது.

ஆக, ரிக்டர் அளவுகோல் என்பது கையில் எடுத்துப் பார்க்கும் ஸ்கேல் அல்ல. அது ஒரு கணக்கு. அதற்கு 10 என்றோ 12 என்றோ மேல் எல்லையும் அவர் வைக்கவில்லை. எண் ஒன்று கூடினால் அலையின் உயரம் 10 மடங்கு. வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு. இந்த ஆற்றல் கணக்கைக் குட்டன்பர்க்கும் ரிக்டரும் பின்னால் சேர்ந்து போட்டார்கள்.

கூட்டாளி குட்டன்பர்க்

குட்டன்பர்க்கைப் பற்றிச் சொல்லாமல் போனால் நியாயம் ஆகாது. ஜெர்மனியில் பிறந்த யூதர். 1930-இல் கால்டெக் வந்தார். லாகரிதம் யோசனை அவருடையது. ரிக்டரின் அளவு கலிபோர்னியாவுக்கு மட்டும், அதுவும் பக்கத்து நடுக்கங்களுக்கு மட்டும் செல்லும். அதை உலகத்துக்கே நீட்டியவரும் குட்டன்பர்க்தான். 1945-இல், தரையின் மேற்பரப்பில் ஓடும் நீளமான அலைகளை வைத்து ஒரு அளவும், பூமியின் உள்ளே ஊடுருவி வரும் அலைகளை வைத்து இன்னொரு அளவும் தந்தார். இன்றைக்கு முதலாவதை எம்.எஸ். என்றும், இரண்டாவது வழியில் வந்ததை எம்.பி. என்றும் எழுதுகிறார்கள். ரிக்டரின் பழைய அளவு எம்.எல். அதில் எல் என்பது லோக்கல், அதாவது அந்த வட்டாரம் என்று அர்த்தம்.

இருவரும் சேர்ந்து உலக நடுக்கங்களைத் தொகுத்து ஒரு பெரிய புத்தகம் எழுதினார்கள். நம்ம நாட்டின் 1934 பீகார் நடுக்கமும் அதில் உண்டு. சின்ன நடுக்கம் எத்தனை வந்தால் பெரிய நடுக்கம் எத்தனை வரும் என்ற விகிதத்தையும் கண்டார்கள். அதற்கு இருவர் பெயருமே இருக்கிறது. அளவுகோலுக்கு மட்டும் ஒருவர் பெயரே நின்றது. குட்டன்பர்க் பேப்பர்காரர்களிடம் பேசமாட்டார். ரிக்டர் போனை எடுத்துப் பேசுவார். பேசினவர் பெயர் நின்றுவிட்டது. குட்டன்பர்க் 1960-இல் காலமானார்.

உழக்கு வழிந்தபோது

இனிமேல்தான் நமக்கு வேண்டிய விஷயம் வருகிறது. எங்கள் தாத்தா காலத்தில் கம்பு, சோளம், குதிரைவாலி எல்லாம் மரக்கால், படி, உழக்கில்தான் அளப்பார்கள். ஒரு ஊர் மரக்கால் இன்னொரு ஊர் மரக்காலுக்குச் சரியாக இருக்காது. ஆகவே எத்தனை மரக்கால் என்று கேட்டால், எந்த ஊர் மரக்கால் என்று திருப்பிக் கேட்பார்கள். நிலநடுக்க எண்ணுக்கும் அதே கேள்வி உண்டு. எம்.எல்., எம்.எஸ்., எம்.பி. மூன்றும் மூன்று ஊர் மரக்கால்.

இன்னொரு சங்கடமும் உண்டு. உழக்கு நிறைந்து வழிந்தபிறகு எவ்வளவு கொட்டினாலும் உழக்கு உழக்குதான். வுட்-ஆண்டர்சன் கருவிக்கு ஒரு ஆட்டத்தின் நேரம் 0.8 விநாடி. அதை ஒட்டிய குறுகிய அலைகளைத்தான் அது நன்றாகப் பார்க்கும். மிகப் பெரிய நடுக்கத்தில் பூமி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கிழியும். அதன் ஆற்றல் மெதுவாக ஆடும் நீளமான அலைகளில் போகும். நாதஸ்வரம் மட்டும் கேட்டுத் தவில் கேட்காத காது போல, கருவி அதைத் தவறவிடும். இதனால் எம்.பி. 6.5-ஐத் தாண்டவும், எம்.எல். 7-ஐத் தாண்டவும், எம்.எஸ். 8-ஐத் தாண்டவும் திணறும்.

உதாரணம் பாருங்கள். 1906 சான்பிரான்சிஸ்கோ நடுக்கம், 1960 சிலி நடுக்கம் இரண்டுமே எம்.எஸ். கணக்கில் 8.3-ஐ ஒட்டியே வந்தன. இரண்டும் சமம் என்று நம்பினால் பெரிய தப்பு. இன்றைய கணக்கில் முதலாவது 7.9, இரண்டாவது 9.5. ஆற்றலில் சுமார் 250 மடங்கு வித்தியாசம்!

இந்தச் சிக்கலைத் தீர்த்தவர் ஜப்பானில் பிறந்து கால்டெக்கில் வேலை பார்த்த ஹிரூ கனமோரி. 1977-இல் அவர் காட்டிய வழியை 1979-இல் தாமஸ் ஹேங்க்ஸோடு சேர்ந்து முழுமையாக்கினார். அதுதான் மொமென்ட் மேக்னிட்யூட், எம்.டபிள்யூ. காகிதக் கோட்டின் உயரத்தை மட்டும் பார்க்காமல், பூமிக்குள் நடந்த வேலையையே அளப்பது. கிழிந்த பரப்பு, நழுவிய தூரம், பாறையின் விறைப்பு மூன்றையும் பெருக்கினால் மொமென்ட். சிவில், மெக்கானிக்கல் நண்பர்களுக்கு மொமென்ட் என்ற சொல் புதுசா என்ன?

கணக்குக்காக ஒன்று போடுவோம். பிளவு 40 கிலோமீட்டர் நீளம், 15 கிலோமீட்டர் அகலம், நழுவியது 2 மீட்டர். பாறையின் விறைப்பு சதுர மீட்டருக்கு 3 × 10¹⁰ நியூட்டன். பெருக்கினால் 3.6 × 10¹⁹ நியூட்டன் மீட்டர். அதன் லாக் 19.56. அதில் மூன்றில் இரண்டு பங்கு 13.04. அதிலிருந்து 6.07 கழித்தால் 6.97, அதாவது 7. இந்த மரக்கால் எவ்வளவு பெரிய நடுக்கத்திலும் வழியாது. ஊருக்கு ஊர் மாறவும் மாறாது.

ஒரு அளவை இன்னொன்றாக மாற்றும் கணக்கு

பழைய பதிவுகள் எல்லாம் பழைய அளவில்தானே இருக்கின்றன? ஒரு வட்டாரத்தில் இனி எவ்வளவு பெரிய நடுக்கம் வரலாம் என்று கணிக்க நூறு வருஷப் பட்டியல் வேண்டும். பட்டியலில் ஒன்று எம்.பி., ஒன்று எம்.எஸ்., ஒன்று எம்.எல். என்று இருந்தால், படியையும் மரக்காலையும் ஒன்றாகக் கூட்டியதுபோல் ஆகும். ஆகவே எல்லாவற்றையும் எம்.டபிள்யூ. ஆக மாற்றுகிறார்கள்.

கிரேக்க நாட்டு ஸ்கார்டிலிஸ் 2006-இல் உலகப் பதிவுகளை வைத்துத் தந்த சூத்திரங்கள் பலரும் பயன்படுத்துபவை.

எம்.டபிள்யூ. = 0.67 × எம்.எஸ். + 2.07 (எம்.எஸ். 3.0 முதல் 6.1 வரை)

எம்.டபிள்யூ. = 0.99 × எம்.எஸ். + 0.08 (எம்.எஸ். 6.2 முதல் 8.2 வரை)

எம்.டபிள்யூ. = 0.85 × எம்.பி. + 1.03 (எம்.பி. 3.5 முதல் 6.2 வரை)

எம்.எஸ். 5 என்றால் எம்.டபிள்யூ. 5.42 வரும். எம்.பி. 5 என்றால் 5.28 வரும். இரண்டும் 5 என்றே எழுதியிருந்தாலும் மாற்றிப் பார்த்தால் ஒன்றல்ல. இதில் மூன்று எச்சரிக்கை உண்டு. ஒன்று, அடைப்புக்குறிக்குள் சொன்ன எல்லையைத் தாண்டி சூத்திரத்தைப் போடக்கூடாது. இரண்டு, இது சிதறிக் கிடக்கும் புள்ளிகளின் நடுவே போட்ட கோடு. சமன்பாட்டை அப்படியே திருப்பி எழுதி எம்.டபிள்யூ.-விலிருந்து எம்.எஸ். எடுக்கக்கூடாது. அதற்குத் தனிக் கோடு போடவேண்டும், அல்லது இரண்டு பக்கப் பிழையையும் சேர்த்துப் பார்க்கும் முறை வேண்டும். மூன்று, ஒரு வட்டாரத்து எம்.எல். இன்னொரு வட்டாரத்துக்குச் செல்லாது. தென்னிந்தியாவின் பழம்பாறையில் அலை கலிபோர்னியாவைவிடத் தூரம் போகும். அங்கே போட்ட தூர அட்டவணையை இங்கே அப்படியே வைத்தால் எண் பிசகும்.

கருவியிலும் பிசகு வரும். வுட்-ஆண்டர்சன் 2800 மடங்கு பெரிதாக்கும் என்று பல வருஷம் எல்லோரும் நம்பினார்கள். 1990-இல் சோதித்துப் பார்த்தபோது உண்மை 2080-க்குப் பக்கம் என்று தெரிந்தது. எண்ணில் 0.13 வித்தியாசம். புத்தகத்தில் அச்சாகியிருந்தாலும் அளந்து பார்ப்பவனே இன்ஜினியர்.

பூஜும் சுனாமியும்

இதெல்லாம் படிப்பாளிகள் சண்டை, நமக்கென்ன என்று கேட்கலாம். 2001 ஜனவரி 26, குடியரசு தினக் காலையில் குஜராத் பூஜ் பகுதியில் பூமி அதிர்ந்து 13 ஆயிரம் பேருக்கும் மேல் மாண்டார்கள். நம்ம நாட்டு வானிலைத் துறை 6.9 என்றது. அமெரிக்க மையம் 7.9 என்றது. இரண்டையும் பேப்பர்கள் ரிக்டர் என்றே போட்டன. யார் பொய் சொல்கிறார்கள் என்று ஜனங்கள் குழம்பினார்கள். யாருமே பொய் சொல்லவில்லை. ஒன்று குறுகிய அலையின் மரக்கால், ஒன்று நீள அலையின் மரக்கால். மொமென்ட் கணக்கில் அது 7.7 என்று ஆனது. 6.9-க்கும் 7.7-க்கும் ஆற்றலில் 16 மடங்கு வித்தியாசம். எண்ணோடு அளவின் பெயரையும் போட்டிருந்தால் குழப்பத்துக்கே இடமில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை 6.29 மணிக்குச் சுமத்ரா பக்கத்துக் கடலடி கிழிந்தது. ஹவாயில் உள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் கால்மணி நேரத்தில் சொன்ன முதல் எண் 8.0. ஒரு மணி நேரம் கழித்து 8.5. நிதானமாக மொமென்ட் கணக்குப் போட்டபிறகு 9.0, அதன்பின் 9.1. முதல் எண்ணுக்கும் கடைசி எண்ணுக்கும் ஆற்றலில் சுமார் 45 மடங்கு. உழக்கு வழிந்த கதைதான். இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் அலை நம்ம கரைக்கு வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6 ஆயிரம் உயிருக்கு மேல் போயின. எண் சரியாக வந்திருந்தால் மட்டும் காப்பாற்றியிருக்கலாம் என்று சொல்ல முடியாது. இந்தியப் பெருங்கடலில் அன்றைக்கு எச்சரிக்கை ஏற்பாடே இல்லை. ஆனால் எண் சீக்கிரம் சரியாகத் தெரிவது உயிர் சம்பந்தப்பட்டது என்பதை உலகம் அன்றைக்குத்தான் உணர்ந்தது. 2007-இல் ஹைதராபாத்தில் நம்ம நாட்டுச் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது.

எண் பெரிதா, வீடு பெரிதா?

1933 மார்ச் 10-ஆம் தேதி மாலை, கலிபோர்னியா லாங் பீச் நகரத்தில் நடுக்கம் வந்தது. அளவு 6.3 தான். ஆனால் செங்கல் பள்ளிக்கூடங்கள் பொலபொலவென்று விழுந்தன. பள்ளி விட்டுப் பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருந்ததால் பிழைத்தார்கள். அடுத்த மாசமே பள்ளிக் கட்டடங்களுக்குச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு ரிக்டர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்த விஷயம், பலமான கட்டடம் கட்டுங்கள் என்பதே. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் பழைய கட்டடங்களின் கைப்பிடிச் சுவர்களையும், மேலே ஒட்டவைத்த அலங்கார வேலைகளையும் எடுக்கச் சொல்லி வற்புறுத்தினார். தேதி குறித்து நடுக்க ஜோசியம் சொல்பவர்களை அவருக்குப் பிடிக்காது.

நம்ம நாட்டில் 1993 செப்டம்பர் 30, விடிகாலை. மகாராஷ்டிரா லாத்தூர் பக்கம் கில்லாரி. அங்கேயும் நம்மைப்போலக் கரிசல் பூமி. அளவு 6.2 தான். மண்சாந்தில் அடுக்கிய தடித்த கல் சுவர், மேலே கனத்த மண் கூரை. தூங்கிக்கொண்டிருந்த ஜனங்கள் மேல் அது இறங்கியது. ஏறக்குறைய 10 ஆயிரம் பேர் போனார்கள். அதே எண் நல்ல கட்டடம் உள்ள ஊரில் வந்திருந்தால் இத்தனை சாவு வந்திருக்காது.

நம்ம கோவில்பட்டி வட்டாரம், ஐ.எஸ். 1893-இன் 2002 வரைபடத்தில் ஆபத்து குறைந்த இரண்டாம் மண்டலம். கோவையும் சென்னையும் மூன்றாம் மண்டலம். கோடையில் கரிசல் காடு கை நுழையும் அளவுக்கு வாய் பிளக்கும். மழை விழுந்தால் உப்பி மூடும். அந்த இழுபறியில் வீட்டுச் சுவர் விரிசல் விடும். அது நிலநடுக்கம் அல்ல, களிமண்ணின் குணம். ஆனால் மென்மையான மண் அதிர்வைப் பெரிதாக்கும் என்பதும் உண்மை. 1985 செப்டம்பர் 19-இல் மெக்சிகோ நகரம் இடிந்தது அதனால்தான். நடுக்கம் பிறந்த இடம் முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். நகரம் நின்றது பழைய ஏரிப் படுகை மேலே.

கடைசிக் காலம்

ரிக்டர் 1958-இல் நிலநடுக்கவியல் பாடப்புத்தகம் ஒன்று எழுதினார். 1959-இல் ஜப்பான் போய்ச் சில மாசம் இருந்தார். 1970-இல் ஓய்வு பெற்றார். கவிதை எழுதுவார், மலை ஏறுவார். வீட்டுக் கூடத்திலேயே ஒரு நிலநடுக்கக் கருவி வைத்திருந்தார். மனைவி லில்லியன் 1972-இல் காலமானார். குழந்தைகள் இல்லை. மெக்சிகோ நடுக்கம் நடந்த பதினோராம் நாள், 1985 செப்டம்பர் 30-இல், 85-ஆம் வயதில் ரிக்டர் கண்ணை மூடினார். சரியாக எட்டு வருஷம் கழித்து அதே தேதியில்தான் கில்லாரி விழுந்தது.

இன்றைக்குப் பெரிய நடுக்கங்களுக்குச் சொல்லும் எண் பெரும்பாலும் ரிக்டர் போட்ட கணக்கு அல்ல, மொமென்ட் கணக்கு. ஆனாலும் பேப்பரில் ரிக்டர் பெயரே வருகிறது. ஒரு வட்டாரத்துக்கு என்று அவர் செய்த அளவை உலகம் முழுக்க இழுத்தது அவர் தப்பு அல்ல. பின்னால் வந்த அளவுகள் எல்லாம் அவர் எண்ணோடு ஒட்டிப்போகும்படியே அமைக்கப்பட்டன என்பதே அவருக்குக் கிடைத்த மரியாதை.

நண்பர்களே! அடுத்த தடவை பேப்பரில் ஒரு எண்ணைப் பார்த்தால், எந்த மரக்கால் என்று கேளுங்கள். நாளைக்கு சைட்டில் நின்று ரிப்போர்ட் எழுதும்போது எண்ணோடு அளவின் பெயரையும் எழுதுங்கள். அலகு இல்லாத விடைக்கு நம்ம சார் மார்க் போடமாட்டார். பூமியும் போடாது.

அளந்து கற்போம்! பலமாகக் கட்டுவோம்!